கீசரில் உப்புப் படியாமல் தடுக்கும் கருவிகள் வேலை செய்யுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் நிறைய வீடுகளுக்கு இரண்டு தண்ணீர். சிறுவாணி, பில்லூர் அணைகளிலிருந்து வருவது நல்ல தண்ணி, போர்வெல்லிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏறுவது உப்புத் தண்ணி. இந்த இரண்டாவது தண்ணீரால்தான் கீசர் காயில் போகிறது, ஷவர் அடைக்கிறது, குழாயெல்லாம் வெள்ளை பூக்கிறது. இதைத் தடுக்கிறோம் என்று சொல்லி விற்கும் கருவிகளைப் பற்றி எங்கள் அபார்ட்மென்ட்காரர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எந்தக் கருவியைக் காட்டினாலும் நான் கேட்பது ஒன்றுதான்: தண்ணீரில் இருக்கும் கால்சியம் கடைசியில் எங்கே போகிறது? அதற்கு நேரான பதில் இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

உப்புத் தண்ணி, ஹார்டு வாட்டர், ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. நாக்குக்கு உப்புக் கரிப்பது பெரும்பாலும் சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு. அது எவ்வளவு இருந்தாலும் காயிலில் கல்லாகப் படியாது. தண்ணீரைக் கடினமாக்குவது கால்சியமும் மெக்னீசியமும். நம் ஊர் போர்வெல்களில் இரண்டும் சேர்ந்தே வருவதால் எல்லாவற்றையும் ‘உப்பு’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் கருவி வாங்கப் போகும்போது இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் ஒன்றுக்கு உதவும் கருவி மற்றதைத் தொடக்கூடச் செய்யாது.

கீசருக்குள்ள மட்டும் ஏன் இப்படிக் கல்லாப் படியுது? பச்சைத் தண்ணி பைப்புல இவ்வளவு இல்லையே?

சூடுதான் காரணம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டைஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்புப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கால்சியம் பைகார்பனேட்டாக எடுத்து வருகிறது. அந்தத் தண்ணீரைச் சுட வைத்தால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி, கரைந்திருந்தது மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாகவே மாறிவிடுகிறது. சர்க்கரையும் உப்பும் சூட்டில் அதிகம் கரையும், இது நேர்மாறாகச் சூடு ஏற ஏறக் குறைவாகக் கரையும். அதனால் இருப்பதிலேயே சூடான இடத்தில், காயிலின் மேலேயே, முதலில் ஒட்டுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்படிப் படியக்கூடிய கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், தினம் 100 லிட்டர் சுடுதண்ணீரில் 30 கிராம் சுண்ணாம்பு இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே தங்கினாலும் வருடத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். சர்வீஸ்காரர் கீசரைக் கழற்றித் தட்டும்போது வாளி நிறைய ஓடு ஓடாக விழுவது இதுதான்.

டிடிஎஸ் மீட்டர்ல 900 காட்டுது. அப்ப ஹார்ட்னஸ் 900ஆ?

அந்த மீட்டர் கடினத்தன்மையை அளப்பதே இல்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் எல்லா உப்பையும் மொத்தமாக ஒரு எண்ணாகச் சொல்கிறது. 900 டிடிஎஸ் தண்ணீரில் ஹார்ட்னஸ் 200ஆகவும் இருக்கலாம், 600ஆகவும் இருக்கலாம். முதலாவதில் கீசர் ஓரளவு பிழைத்துவிடும், இரண்டாவதில் கஷ்டம்.

இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. மொத்தக் கடினத்தன்மை 200, வேறு வழியில்லை என்றால் 600 வரை. டிடிஎஸ் மீட்டரை மட்டும் காட்டி சாஃப்ட்னர் (கடினத்தன்மையை எடுக்கும் கருவி) விற்க வருபவரிடம் ஹார்ட்னஸ் எவ்வளவு என்று கேளுங்கள். தெரியாது என்றால் அவர் உங்கள் தண்ணீரை இன்னும் பார்க்கவே இல்லை.

சரி, ஹார்ட்னஸை வீட்லயே எப்படிப் பார்க்கிறது?

சொட்டு விட்டுப் பார்க்கும் ஹார்ட்னஸ் கிட் மலிவாகவே கிடைக்கிறது. தண்ணீரில் சாயம் போட்டால் ஒயின் சிவப்பாகும், பாட்டிலில் இருக்கும், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கரைசலை ஒவ்வொரு சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் நீலமாக மாறும். எத்தனை சொட்டு என்பதை வைத்து அளவு சொல்லலாம். பேப்பர் பட்டையும் உண்டு, ஆனால் நம் போர்த் தண்ணீருக்கு அதன் கடைசி நிறமே வந்து நின்றுவிடும், உபயோகமில்லை. முழு ரிப்போர்ட் வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக்கூடங்கள் இருக்கின்றன, கட்டணம் கட்டிச் செய்துகொள்ளலாம்.

ரிப்போர்ட் வந்ததும் மொத்தக் கடினத்தன்மையை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள், காரத்தன்மை என்ற வரியையும் பாருங்கள், தண்ணீரில் பைகார்பனேட் எவ்வளவு என்பதை அதுதான் காட்டும். சுட வைத்தால் படிவது, கடினத்தன்மையில் காரத்தன்மைக்குச் சமமான பகுதிதான். மீதி, கால்சியம் சல்பேட், குளோரைடு மாதிரியானவை, கீசர் சூட்டில் பெரும்பாலும் கரைந்தே இருக்கும். ஒரே ஹார்ட்னஸ் உள்ள இரண்டு தெருக்களில் ஒரு தெருவில் மட்டும் காயில் அடிக்கடி போவதற்கு இது ஒரு காரணம்.

பைப்பு மேல மாட்டற காந்தம் வேலை செய்யுமா?

வீட்டுக்கு வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். இது புதுச் சரக்கும் இல்லை. 1945லேயே பெல்ஜியத்தில் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள், சோவியத் நாட்டில் பாய்லர்களில் மாட்டிப் பார்த்தார்கள். இத்தனை வருடம் கழித்தும், எந்தத் தண்ணீரில், எவ்வளவு வேகத்தில், எந்தக் காந்தம் வைத்தால் இவ்வளவு குறையும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சில ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது, அதிலும் ஒரே தண்ணீர் திரும்பத் திரும்பக் காந்தத்தைக் கடந்து சுற்றும் அமைப்புகளில். மற்ற ஆய்வுகளில் ஒன்றுமே இல்லை. வீட்டுக் குழாயில் தண்ணீர் ஒரே ஒரு தடவை, சில விநாடிக்குள் கடந்து போய்விடுகிறது.

அமெரிக்கத் தரைப்படையின் கட்டுமானப் பொறியியல் ஆய்வகம் 2001இல் ஒரு சோதனை வெளியிட்டது. இரண்டு காந்தக் கருவி, ஒரு எலக்ட்ரானிக் கருவி, பக்கத்தில் எதுவுமே மாட்டாத ஒரு குழாய். நான்கிலும் ஒரே தண்ணீரைச் சுட வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். கருவி மாட்டியதற்கும் மாட்டாததற்கும் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அந்த நான்காவது குழாய்தான். அது இல்லாத சோதனையை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

காந்தம் இல்லைங்க, இது எலக்ட்ரானிக். ஒயரைப் பைப்புல சுத்தி பிளக்குல சொருகணும். இதுவுமா?

இதுவும் அதே ரகம்தான். காந்தத்துக்குப் பதில் ஒயரில் மாறும் மின்சாரத்தை அனுப்புகிறார்கள், விளக்கு எரியும், பார்க்க நன்றாக இருக்கும். கால்சியம் தண்ணீரிலேயேதான் இருக்கும், ஆனால் காயிலில் ஒட்டாமல் பொடியாகிப் போய்விடும் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். கொள்கையளவில் அப்படி நடக்க முடியாது என்று நான் சொல்லவில்லை, பின்னால் சொல்லப்போகும் ஒரு வகை அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் ஒயர் சுற்றியதால் அது நம்பகமாக நடக்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது. இரும்புக் குழாயின் மேல் சுற்றினால் இன்னும் மோசம், காந்தப் புலத்தில் பெரும்பகுதியை இரும்பே வாங்கிக்கொள்ளும்.

ஆனா எங்க பக்கத்து வீட்ல மாட்டினதுக்கப்புறம் நல்லா இருக்குன்னு சொல்றாங்களே?

அவர்கள் பொய் சொல்லவில்லை. கருவி மாட்டும் நாளன்று வேறு என்னென்ன மாறியது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் காயில் போன பிறகுதான் இந்த யோசனையே வரும். கீசரைச் சுத்தம் செய்து புதுக் காயில் போட்டு, அத்தோடு கருவியும் மாட்டுவார்கள். சுத்தம் செய்த கீசர் ஒரு வருடம் எப்படியும் நன்றாகத்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சில போர்களில் ஹார்ட்னஸ் தானாகவே இறங்கும். மாநகராட்சித் தண்ணீர் அந்த மாதம் கொஞ்சம் அதிகமாக வந்து தொட்டியில் கலந்திருக்கலாம். பணம் போட்டுவிட்டோம் என்பதற்காகக் குழாயைத் தினம் துடைக்க ஆரம்பித்திருக்கலாம், இதையும் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து டெமோ காட்டினாங்க. தண்ணியில கம்பிய விட்டதும் செங்கல் கலர்ல அழுக்கு வந்துச்சு. அதைப் பார்த்துட்டு எப்படி வாங்காம இருக்கிறது?

அந்த அழுக்கு தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வந்தது. அதில் ஒரு கம்பி இரும்பு. மின்சாரம் பாயும்போது அது கரைந்து துருவாக மிதக்கிறது. பக்கத்து டம்ளரில் இருக்கும் ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் கம்பி கரையாமல் தண்ணீர் தெளிவாக நிற்கிறது. அந்த டம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுத் திரும்பக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் செங்கல் நிறமாகும். இந்த டெமோவைக் காட்டிப் பயமுறுத்தி விற்பவரிடம் எதையும் வாங்க வேண்டாம், இதை மட்டும் நான் யாரிடமும் அழுத்தமாகவே சொல்வேன்.

உப்பு போடற சாஃப்ட்னர்? அதுவாவது நிஜமா வேலை செய்யுமா?

செய்யும், சந்தேகமே இல்லை. இங்கே ‘கால்சியம் எங்கே போகிறது’ என்ற கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது: ரெசினுக்குள் போகிறது. சிலிண்டருக்குள் இருக்கும் ரெசின் மணிகளில் சோடியம் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் கடக்கும்போது கால்சியமும் மெக்னீசியமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, சோடியம் எழுந்து தண்ணீரோடு போய்விடும். இடமெல்லாம் நிரம்பியதும் கெட்டியான உப்புக் கரைசலை ஓட்டினால் கால்சியம் கழுவிக்கொண்டு சாக்கடைக்குப் போய், ரெசினில் மறுபடியும் சோடியம் ஏறும். சரியாகப் பராமரித்தால் 500 ஹார்ட்னஸ் தண்ணீரை ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடும், முன்னால் சொன்ன சொட்டுக் கிட்டை வைத்து நீங்களே சரிபார்க்கலாம்.

சொதப்புவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். உப்புப் போட மறந்துவிடுவார்கள், அப்புறம் அது வெறும் சிலிண்டர்தான். இன்னொன்று இரும்பு. தொட்டியின் அடியில் பழுப்பு வண்டல் நிற்கும் போராக இருந்தால் முதலில் இரும்பை எடுக்க வழி செய்யுங்கள், இல்லையென்றால் ரெசின் மணிகள் துருவால் மூடிக்கொண்டு சீக்கிரம் வீணாகும்.

மாசம் எவ்வளவு உப்பு ஆகும்? கடையில வாங்கற தூள் உப்பு போடலாமா?

விற்பவர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார், நீங்களே போட்டுவிடலாம். 500 ஹார்ட்னஸ் உள்ள 1000 லிட்டரில் எடுக்க வேண்டியது 500 கிராம். ஏட்டுக் கணக்குப்படி அதற்கு 585 கிராம் உப்புப் போதும், நடைமுறையில் இரண்டு மடங்கு, சமயத்தில் அதற்கு மேலும் ஆகும். ஆக ஆயிரம் லிட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ. வீட்டுக்குத் தினம் 600 லிட்டர் என்றால் மாதம் 20 கிலோவைத் தாண்டும்.

அயோடின் கலந்த தூள் உப்பு வேண்டாம், தூள் இறுகிப் போய் அடைத்துக்கொள்ளும். தூத்துக்குடிக் கல் உப்பு மலிவுதான், ஆனால் மண்ணும் தூசியும் இருந்தால் வால்வுக்குள் போய் உட்காரும். கழுவிச் சுத்தம் செய்த கல் உப்போ, சாஃப்ட்னருக்கென்று வரும் வில்லையோ நல்லது.

சாஃப்ட்னர் போட்டும் டிடிஎஸ் ஒரு புள்ளி கூடக் குறையல. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. மூன்றாவது கேள்விக்கான பதிலைப் பாருங்கள், மீட்டர் மொத்த உப்பைத்தான் பார்க்கிறது. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தைத் தருகிறது, எடை ஏறக்குறைய அதே அளவு, சொல்லப்போனால் ஒரு துளி கூடும். அதனால் டிடிஎஸ் அப்படியே இருப்பதுதான் சரி. ஹார்ட்னஸ் கிட்டில் முதல் சொட்டிலேயே நீலம் வந்தால் கருவி ஒழுங்காக ஓடுகிறது.

இதே காரணத்தால்தான் சாஃப்ட்னர் போட்ட பிறகும் கருப்பு கிரானைட்டில் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளைத் தடம் தெரியும். அது சோடியம் உப்பு, ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும், சுண்ணாம்பு மாதிரிச் சுரண்ட வேண்டியதில்லை.

அந்தத் தண்ணியக் குடிக்கலாமா? செடிக்கு ஊத்தலாமா?

500 ஹார்ட்னஸை முழுவதும் எடுத்தால் லிட்டருக்கு 230 மில்லிகிராம் சோடியம் புதிதாகச் சேரும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமே 2 கிராம் சோடியத்துக்குள் இருக்கச் சொல்கிறது. இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள், கைக்குழந்தை இருக்கும் வீடு, இவர்களுக்கு இது சேராது. சமையலறைக் குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே தனியாகப் பிரித்துவிடச் சொல்லுங்கள். செடிகளுக்கும் பழைய தண்ணீரே மேல், சோடியம் களிமண்ணை இறுக்கிவிடும்.

வாஷிங் மெஷினுக்கு முன்னாடி மாட்டற சின்ன ஃபில்டர் இருக்கே, உள்ள கண்ணாடி உருண்டை மாதிரி, அது என்ன?

அது பாலிபாஸ்பேட். மெதுவாகக் கரைந்து லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவில் தண்ணீரில் சேரும். கால்சியம் தண்ணீரிலேயே இருக்கும், ஆனால் சுண்ணாம்புப் படிகம் வளர ஆரம்பிக்கும் இடத்தில் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டு வளரவிடாமல் செய்யும். 1930களிலிருந்தே தெரிந்த வேதியியல், ஏமாற்று இல்லை.

எல்லை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 60, 70 டிகிரிக்கு மேல் போனால், அதுவும் கீசரில் மணிக்கணக்கில் சூடாகவே நின்றால், பாலிபாஸ்பேட் உடைந்து சக்தி போய்விடும். ஹார்ட்னஸ் மிக அதிகமாக இருந்தாலும் சமாளிக்காது. உருண்டை தீர்ந்ததும் யாரும் மணி அடித்துச் சொல்ல மாட்டார்கள், மாதம் ஒருமுறை நீங்கள்தான் எட்டிப் பார்க்க வேண்டும். நடுத்தரக் கடினத்தன்மை, குறைந்த சூட்டில் ஓடும் வாஷிங் மெஷின் என்றால் செலவுக்கு ஏற்ற பலன் உண்டு. குடிக்கும், சமைக்கும் தண்ணீர் இது வழியாகப் போக வேண்டாம்.

உப்பே போட வேண்டாம், கரண்டும் வேண்டாம்னு ஒரு சாஃப்ட்னர் விக்கறாங்களே?

உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காந்தம் என்றால் மேலே சொல்லிவிட்டேன். டேக் (TAC) என்று சுருக்கமாகச் சொல்லும் மணிகள் என்றால் விஷயம் வேறு. அந்த மணிகளின் மேற்பரப்பில் கால்சியம் கார்பனேட் நுண்ணிய படிகங்களாகி, பிரிந்து தண்ணீரோடு மிதந்து போய்விடும், அதனால் காயிலில் ஒட்டுவது குறையும். ஜெர்மனியில் இந்த மாதிரிக் கருவிகளுக்கென்றே டபிள்யூ 512 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. கருவி மாட்டியதும் மாட்டாததும் பக்கம் பக்கமாக ஹீட்டரில் ஓட்டி, படிந்த சுண்ணாம்பை அளந்து பார்ப்பார்கள், 80 சதவீதம் குறைந்தால்தான் தேர்ச்சி. இந்த வகை அதில் தேறியிருக்கிறது, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் ஒப்பிட்டபோதும் உப்பில்லா வகைகளில் இதுவே முன்னால் வந்தது.

ஆனால் இதைச் சாஃப்ட்னர் என்று சொல்லி விற்பது தவறு. ஹார்ட்னஸ் கிட்டில் அளவு அப்படியே காட்டும், சோப்பு நுரைக்காது, குழாயில் வெள்ளைத் தடம் வரும். இரும்பும் குளோரினும் அந்த மணிகளைக் கெடுக்கும். கீசர் ஒன்றைக் காப்பாற்றினால் போதும் என்பவருக்கு ஏற்றது. வாங்கும் முன் அந்த டபிள்யூ 512 சான்றிதழைக் கேளுங்கள், உங்கள் மாடலின் பெயரிலேயே இருக்க வேண்டும்.

ஷவர் ஃபில்டர் மாட்டினா முடி கொட்டறது நிக்குமா?

உள்ளங்கை அளவு டப்பாவில் இருப்பது கரித்தூளும் குளோரினை எடுக்கும் சில பொருள்களும். குளோரின் குறையும், ஹார்ட்னஸ் குறையாது. சாஃப்ட்னர் ரெசின் ஒரு லிட்டருக்குச் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைத்தான் பிடிக்கும், அதாவது 500 ஹார்ட்னஸ் தண்ணீர் 100 லிட்டர். ஷவர் டப்பாவில் ரெசினே இருந்தாலும் சில வாளிக் குளியலில் தீர்ந்துவிடும்.

முடியைப் பொறுத்தவரை, 2013இல் கோவை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் கடின நீரில் 30 நாள் நனைத்த முடிக்கும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த முடிக்கும் வலுவில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. சோப்போடு கால்சியம் சேர்ந்து பிசுக்கு ஒட்டுவதால் முடி முரடாகத் தெரிவது உண்மை. கொத்துக் கொத்தாகக் கொட்டினால் தோல் மருத்துவரைப் பாருங்கள், ஃபில்டரை நம்பி மாதங்களைக் கடத்த வேண்டாம்.

கீசர்லயே மெக்னீசியம் ராடு இருக்குன்னு கம்பெனில சொன்னாங்க. அது உப்பைத் தடுக்காதா?

தடுக்காது. டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, டேங்குக்குப் பதில் தான் அரிபட்டுப்போவதுதான் அந்த ராடின் வேலை. அது தேவையானது, சர்வீஸில் மெலிந்திருந்தால் மாற்றுங்கள். சுண்ணாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காயில்ல உப்பு படிஞ்சா கரண்ட் பில் எகிறும்னு சொல்றாங்களே?

எலக்ட்ரிக் கீசரில் பெரிதாக எகிறாது. காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது, ஓடு படிந்தாலும் சூடு கடைசியில் தண்ணீருக்குத்தான் போக வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் ஓட்டுக்கு அடியில் காயில் அளவுக்கு மீறிச் சூடாகி எரிந்துபோகும், தெர்மோஸ்டாட் குழல் மூடிக்கொண்டால் சூட்டைத் தப்பாகக் கணிக்கும். நஷ்டம் காயிலிலும் சர்வீஸிலும்தான், பில்லில் இல்லை. ‘பாதி கரண்ட் மிச்சம்’ என்று போட்டு விற்கும் கருவியை இதை வைத்தே ஒதுக்கிவிடலாம். கேஸ் கீசர் அப்படியில்லை, அங்கே சூடு உலோகத்தைத் தாண்டி உள்ளே வர வேண்டும், ஓடு தடுத்தால் சூடு புகையோடு வெளியே போய் கேஸ் வீணாகும்.

சோலாரிலும் ஓடு கெடுதல்தான். தட்டை வகையில் மெல்லிய செம்புக் குழாய்கள் அடைத்துக்கொண்டால் சரிசெய்வது பெரும்பாடு, கண்ணாடிக் குழாய் வகையைக் கழற்றிக் கழுவலாம். ஹார்ட்னஸ் அதிகமுள்ள இடத்தில் புதிதாகப் போடுபவர்கள் கண்ணாடிக் குழாயோ, ஹீட் எக்ஸ்சேஞ்சர் (போர்த் தண்ணீரைப் பேனலுக்குள் விடாமல் சூட்டை மட்டும் கடத்தும் அமைப்பு) உள்ளதோ எடுங்கள்.

தேற்றாங்கொட்டை உரசி ஊத்தினா உப்பு குறையும்னு பாட்டி சொல்வாங்க. கெணத்துல நெல்லிக்கட்டையும் போடுவாங்க. அது?

தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும், அது நன்றாகச் செய்யும் வேலை. மிதக்கும் மண்ணைச் சேர்த்துக் கீழே இறக்கும். கரைந்திருக்கும் கால்சியம் மிதக்கும் மண் இல்லை, அது இறங்காது. நெல்லிக்கட்டைக்குக் கணக்கே போதும்: 50,000 லிட்டர் நிற்கும் கிணற்றில் 500 ஹார்ட்னஸ் என்றால் 25 கிலோ, இறைக்க இறைக்கப் புதுசாக ஊறிக்கொண்டே வேறு இருக்கும். சில கட்டைகள் அத்தனையையும் எங்கே வைத்துக்கொள்ளும்?

நாங்கள் யாழ்ப்பாணத்தில இருக்கிறம். கிணத்துத் தண்ணியக் கொதிக்க வைச்சால் கேத்தலுக்க வெள்ளையாப் படியுது. இதுக்கு என்ன மெசின் வாங்கலாம்?

கேத்தலுக்கு மட்டும் என்றால் மெசின் எதுவும் வேண்டாம். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது, தண்ணீரும் அதற்குள்தான் தேங்குகிறது, அதனால் படியத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை, அந்த வெள்ளைப் பொடியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டு, நுரைப்பது நிற்கும்வரை விட்டுக் கழுவினால் போதும். கொதிக்க வைக்காதீர்கள், சூட்டில் கால்சியம் சிட்ரேட் உருவாகி அதுவே புதுப் படிவாக ஒட்டும்.

ஷவர் தலைக்கும் இதே கரைசல்தான், பையில் ஊற்றிக் கட்டிவிடுங்கள். மார்பிள், மொசைக் தரையில் மட்டும் சிந்த வேண்டாம், அவையும் சுண்ணாம்புதான், அரித்துவிடும். பாத்ரூம் கழுவும் ஆசிட் ஸ்டீலையும் குழாயின் பளபளப்பையும் தின்றுவிடும். எந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

அபார்ட்மென்ட்ல 60 வீடு. எல்லாருக்கும் சேர்த்துப் பெரிய சாஃப்ட்னர் ஒண்ணு போட்டா என்ன?

உப்புக் கணக்கை இங்கே பெருக்கிப் பாருங்கள். வீட்டுக்கு 500 லிட்டர் என்றால் தினம் 30,000 லிட்டர், 500 ஹார்ட்னஸில் 15 கிலோ எடுக்க வேண்டும், அதற்கு 30 முதல் 45 கிலோ உப்பு. மாதம் ஒரு டன் பக்கம். அவ்வளவும் சாக்கடைக்கோ, நீங்கள் தோட்டத்துக்குப் பாய்ச்சும் சுத்திகரித்த தண்ணீருக்கோ போகும். உப்புக் கழிவு மண்ணையும் கிணற்றையும் என்ன செய்யும் என்று நொய்யல் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011இல் உயர்நீதிமன்றம் மூடச் சொன்னதே நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில்தான்.

டாய்லெட் ஃப்ளஷுக்கும் தரை கழுவவும் மென்மையான தண்ணீர் எதற்கு? குளியலறைக்குப் போகும் லைனை மட்டும் பிரித்துப் போடுங்கள், அதிலும் பூஜ்யத்துக்கு இறக்காமல் கொஞ்சம் போர்த் தண்ணீரைக் கலந்து 100, 150 அளவில் நிறுத்துங்கள். உப்புச் செலவு பெருமளவு இறங்கும். இரண்டு லைன் இருக்கும் கட்டடம் என்றால் இன்னும் சுலபம், கீசருக்கு மட்டும் நல்ல தண்ணீர் லைனைக் கொடுத்துவிடலாம். மழைநீரைத் தனித் தொட்டியில் பிடிக்க இடமிருந்தால் அதைவிட மென்மையான தண்ணீர் கிடையாது.

ஒண்ணுமே வாங்காம சமாளிக்க முடியுமா?

நிறைய வீடுகளில் முடியும். கீசரை அதிகபட்சச் சூட்டில் வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதுதான் நம் பழக்கம், அதை 50, 55 டிகிரிக்கு இறக்கினாலே படிவது நன்றாகக் குறையும். (நாள் முழுக்க ஆனிலேயே இருக்கும் பெரிய டேங்க் என்றால் 60க்குக் கீழே வைக்க வேண்டாம், கிருமி வளரும்.) வருடம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்யுங்கள். ஹார்ட்னஸ் 200க்குள் இருந்தால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்றே சொல்வேன்.

ஏற்கெனவே ஒரு கருவி வாங்கிட்டேன், திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருக்கு. வேலை செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உப்புச் சாஃப்ட்னர் என்றால் கிட் போதும். மற்றவற்றுக்குச் சுட வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டு சின்னக் கேத்தல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குக் கருவிக்கு முன்னால் இருக்கும் குழாயிலிருந்து, மற்றதற்குக் கருவிக்குப் பின்னால் இருக்கும் குழாயிலிருந்து, தினமும் அளந்து ஒரே அளவு ஊற்றி, ஒரே தடவை கொதிக்க வைத்துக் கொட்டுங்கள். நடுவில் தேய்க்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து இரண்டையும் காயவைத்து, எது எதுவென்று தெரியாத ஒருவரிடம் காட்டி எதில் அதிகம் படிந்திருக்கிறது என்று கேளுங்கள். வீட்டில் சமையலறைத் தராசு துல்லியமாக இருந்தால் ஆரம்பத்திலும் கடைசியிலும் எடை போடுங்கள்.

பாலிபாஸ்பேட்டுக்கு மட்டும் இந்தச் சோதனை கொஞ்சம் கடுமையானது, கொதிநிலை அதன் எல்லைக்கு மேல், அதனால் அதற்கு 60 டிகிரியில் நிறுத்திப் பாருங்கள். காந்தம், எலக்ட்ரானிக் விற்பவர்கள் ‘விளைவு தெரிய ஆறு மாதம் ஆகும்’ என்பார்கள். அந்த ஆறு மாதமும் திருப்பித் தரும் காலத்துக்குள் வருமா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள், எழுதித் தர மறுத்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.